தள்ளிவிட்ட வண்டி

"யாராவது உள்ள ஏறி சாவியைத் திருப்புங்க" என்றான் மெக்கானிக், பானெட்டுக்குள் தலையை விட்டபடியே.

யாரும் ஏறவில்லை. சந்து முழுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டுவதுதான் பிழைப்பு. இருந்தாலும் காலையில் செத்துப்போன மனிதரின் சீட்டில் போய் உட்கார ஒருவருக்கும் மனசு வரவில்லை. ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு வழிவிட்டார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இவருக்கே திருப்பி வழிவிட்டார்.

பழைய பிக்கப் வண்டி. இரண்டு சுவருக்கும் நடுவில், பாட்டில் வாயில் அடைத்த தக்கை மாதிரி நின்றது. அதற்குப் பின்னால் இருந்த வீட்டின் முன்னறையில் மெக்கானிக்கின் அக்கா வீட்டுக்காரர் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். முன்னால், சந்து முனையில், அவரை எடுத்துப்போக வந்த வேன் நின்றது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதென்றால் ஒரு ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழையலாம். தோளில் பெட்டியோடு நாலு பேர் நுழைய வழியில்லை.

பிக்கப்பின் முதுகில் பாதி லோடு ஐஸ் கட்டி இருந்தது. ராத்திரியே ஏற்றிவைத்தது; விடிந்ததும் மீன்கடைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய சரக்கு. காலையிலிருந்து கரைந்து கரைந்து, கதவிடுக்கு வழியாக ஒழுகி, சந்தின் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் உடுப்பின் நுனியைத் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரைத் தாண்டி வந்தார்கள்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கூட்டத்தில் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், "இத்தனை பேர் இருக்கோம், எல்லாருமா சேர்ந்து ஒரு தள்ளு தள்ளினா மெயின் ரோட்டுக்குப் போயிடும்ப்பா" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சந்து அப்படியே அடங்கிப்போயிற்று. வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது. அழுத குரல் இல்லை. கறிகாய்க்காரரிடம் 'இன்னிக்கு வேணாம்' என்று சொல்வாளே, அந்தக் குரல்.

"அந்த வண்டியை யாரும் தள்ள வேணாம்."

அதன் பிறகுதான் எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். இறந்தவரிடம் நாள்தோறும் ஐஸ் வாங்கிய மீன்கடைக்காரர் அவன் தோளில் கைபோட்டு, "நீதான்ப்பா பாக்கணும். உன் கைராசியைப் பத்தி அவர் பேசாத நாள் கிடையாது" என்றார்.

அந்தக் கை அங்கிருந்து எப்போது விலகும் என்று காத்திருந்தான் அவன்.

"நான் திருப்புறேன் மாமா."

அக்கா மகள் வீட்டுக்குள்ளிருந்து வந்து கதவைத் திறந்தாள். காலையில் போட்டிருந்த அதே உடை; முழங்காலில் சேறு காய்ந்திருந்தது. ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. ஏற்கனவே அவளுடைய காலுக்கு எட்டும்படிதான் நகர்த்தியிருந்தது.

அவள் சாவியைத் திருப்பினாள். டக் டக் என்று மட்டும் கேட்டது.

"பேட்டரி சுத்தமா இறங்கியிருக்கு" என்றான். அது அவனுக்கு முன்பே தெரியும். செல்ஃப் அடித்து அடித்துத்தான் இறங்கியிருக்கும். அது வியாதி இல்லை, வியாதியின் விளைவு. கேபிள் கொண்டுவந்திருந்தான். வேன் டிரைவர் வேனைப் பின்னுக்கு எடுத்து, அதன் பேட்டரியிலிருந்து இதற்கு இணைப்பு கொடுக்க விட்டார். பிணம் ஏற்ற வந்த வண்டியிடம் கரண்டு கடன் வாங்கிக்கொண்டு பிக்கப் இப்போது நன்றாகச் சுற்றியது. கர், கர், கர் என்று பலமாகவே. ஆனால் பற்றவில்லை.

"போதும் பாப்பா. நிறுத்து."

பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பார்த்தான். புகையே இல்லை. எஞ்சின் சுற்றுகிறது, ஒரு துளிப் புகை இல்லை என்றால் டீசல் எஞ்சின்வரை போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க அவனுக்கு அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை.

இந்த வண்டியின் வியாதிக் கதையை அவன் பல வாரங்களாகக் காதால் கேட்டுவந்திருக்கிறான். மச்சான் வண்டியைப் 'பெரியவர்' என்றுதான் சொல்வார். "மாப்ள, பெரியவர் காலையில எந்திரிக்கவே மாட்டேங்கறார். எழுப்பி உட்கார வச்சா அப்புறம் ஓடுறார். ஆனா லோடு ஏத்திக்கிட்டு பாலத்து மேட்டுல போனா இழுக்கவே மாட்டேங்கறார். மூச்சு வாங்குது. ஒரு எட்டு வந்து பாரேன்." போனில் இவன், "பம்பு போயிருக்கும் மச்சான். அது பெரிய வேலை, கழட்டி இறக்கணும். சாவகாசமா ஒரு நாள் பாப்போம். அதுவரைக்கும் பதமா ஓட்டுங்க" என்றான். பார்க்காமலே சொன்னான். பெரிய வேலை என்று சொல்லிவிட்டால் யாரும் நாளைக்கே வா என்று கேட்கமாட்டார்கள்.

வெளியாள் ஒருவர் வந்து இதே கோளாறைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே படுத்துப் புரண்டு பார்த்திருப்பான். வீட்டு வண்டிதானே, எங்கே ஓடிப்போகிறது என்று இருந்துவிட்டான். மச்சானும் வேறு மெக்கானிக்கிடம் காட்டவில்லை. மீன்கடைக்காரர் தனக்குத் தெரிந்த ஆளைக் கூட்டிவருகிறேன் என்றபோது, "வீட்டுக்குள்ளயே டாக்டரை வச்சுக்கிட்டு வெளிய போய் ஊசி போட்டா என் மாப்ள மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்று கேட்டாராம். இதையும் மீன்கடைக்காரர்தான் இன்று காலை துக்கம் விசாரிக்கும்போது பாராட்டாகச் சொன்னார். நீ கெட்டிக்காரன் மச்சான் என்று யாராவது சொன்னால், "ஊருக்கே ஐஸ் வைக்கிறவன் நான், எனக்கே ஐஸ் வைக்கிறியா?" என்று சிரிக்கிற மனிதர், இவன் விஷயத்தில் மட்டும் யார் வைத்த ஐஸும் இல்லாமலே உருகிப்போய்க் கிடந்தார்.

மெக்கானிக் டீசல் ஃபில்டருக்கு மேலிருந்த கைப்பம்பை அமுக்கிப் பார்த்தான். கெட்டியாக இருக்க வேண்டியது, பழைய தலையணை மாதிரி தொளதொளவென்று இறங்கியது. பக்கத்துத் திருகைத் தளர்த்திவிட்டு மறுபடி அமுக்கினான். டீசலுக்குப் பதில் நுரை வந்தது. எங்கேயோ காற்று நுழைகிறது. டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி வருகிற ரப்பர் குழாயில் கீறல் விழுந்தால் இப்படித்தான் ஆகும். டீசல் வெளியே சொட்டாது. குழாய் உறிஞ்சுவதால் வெளிக்காற்றுதான் உள்ளே போகும். நிறுத்திவைத்தால் டீசல் டேங்குக்கே திரும்பிவிடும், அதனால் காலையில் எழுந்திருக்காது. மேட்டில் அதிகம் உறிஞ்சினால் காற்றும் கூடவே வரும், அதனால் இழுக்காது. இரண்டு வியாதியும் ஒரே வியாதி.

குழாயை விரலால் தடவிக்கொண்டே போனான். கிளிப்புக்குப் பக்கத்தில் விரல் எதிலோ தட்டியது. குனிந்து பார்த்தான்.

பச்சை டேப்.

அவன் சுற்றிய டேப்தான். போன மழைக்காலத்தில் ஒருநாள் மாலை, கடையைப் பூட்டிவிட்டு வேறெங்கோ போகிற அவசரத்தில் இதே சந்தில் நின்று பார்த்தபோது, குழாயில் மெல்லிய வெடிப்பு தெரிந்தது. மாற்றுக் குழாய் கையில் இல்லை. பையில் பச்சை டேப் இருந்தது. நாலு சுற்றுச் சுற்றி, "இப்போதைக்கு ஓடும் மச்சான், அப்புறம் மாத்திக்கலாம்" என்றான். அப்போது டார்ச் பிடித்துக்கொண்டு நின்றது அக்கா மகள். அந்த 'அப்புறம்' வரவேயில்லை. மறந்தேபோய்விட்டான். டேப் எண்ணெயில் ஊறி, பசை விட்டு, ஒரு பக்கம் நாக்கு மாதிரித் தொங்கியது.

முதுகுக்குப் பின்னால் மொத்தச் சந்தும் நிற்பது அவனுக்குத் தெரிந்தது. உடம்பால் மறைத்துக்கொண்டு வெடித்த துண்டை மட்டும் கத்தியால் அறுத்தான். டேப்போடு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். மிச்சக் குழாயை இழுத்து மாட்டிக் கிளிப்பை முறுக்கினான். கைப்பம்பை அமுக்க அமுக்க நுரை குறைந்து டீசல் தெளிந்து வந்தது. பம்பு கெட்டிப்பட்டது. திருகை இறுக்கினான்.

"இப்போ அடி பாப்பா."

அரைச் சுற்றில் பற்றிக்கொண்டது. வண்டி ஒருமுறை உடம்பைக் குலுக்கிவிட்டு சீராக ஓடத் தொடங்கியது. கூட்டத்தில் யாரோ, இடத்தையும் நேரத்தையும் மறந்து, "சபாஷ்" என்றார்கள்.

"என்னப்பா கோளாறு? பம்பா?" என்று கேட்டார் மீன்கடைக்காரர்.

"ஒண்ணுமில்ல" என்றான். "சும்மா காத்து புடிச்சிருந்துது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மீன்கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "போறதுக்கு ஒரு சாக்கு, பாத்தியா. ஒண்ணுமே இல்லாத வண்டியைத் தள்ளி…" என்று ஆரம்பித்தவர் பெண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கேபிளைக் கழற்றி, வேன் விலகி வழிவிட்டதும் கியரைப் போட்டு, வண்டியை மிக மெதுவாக, சுவரில் உரசாமல், மெயின் ரோட்டு ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

வேன் உள்ளே வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். தூக்கினார்கள், இவனும் ஒரு முனையைப் பிடித்தான். மச்சான் எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தார். ஐஸ் கட்டிகளைத் தனியாளாக ஏற்றி இறக்கிய உடம்பா இது என்று தோன்றியது. திரும்பி வரும்போது வேனில் அவனுக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார்கள். காலையிலிருந்து அவன் கொஞ்சமும் உட்காரவில்லை, பாவம் என்று பேசிக்கொண்டார்கள். சட்டைப் பையில் அந்தத் துண்டு இருந்த இடத்தில் எண்ணெய் ஊறி ஒரு கறை பரவியது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தான். நெஞ்சில் கைவைத்திருக்கிறான் என்று நினைத்து ஒரு பெரியவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வேன் சந்து முனையில் நின்றபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். இவன் பிக்கப் பக்கம் போனான். கேபிளை எடுக்க வேண்டும் என்று தனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான்.

அக்கா மகள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் ஓடவில்லை. கிளச்சை அமுக்குவதும் மெல்ல விடுவதுமாக இருந்தாள்.

"வீட்டுக்குப் போகலையா பாப்பா?"

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா?"

அவன் கதவில் சாய்ந்துகொண்டான்.

"தள்ளும்போது கிளச்சை எப்போ விடணும்? அப்பா 'விடு'ன்னு கத்தினதும் விட்டேன். குதிச்சு நின்னுடுச்சு. ரெண்டாவது தடவை கொஞ்சம் லேட்டா விட்டேன். அப்பவும் நின்னுடுச்சு. 'பரவாயில்லம்மா, இன்னொரு தடவை'ன்னு சொன்னாரு. கண்ணாடியில பாத்தேன், சிரிச்சாரு." அவள் கால் மறுபடி கிளச்சை அமுக்கியது. "மூணாவது தடவை கண்ணாடியில ஆளக் காணோம். குனிஞ்சு தள்ளுறாருன்னு நினைச்சேன்."

ரோட்டில் ஒரு பஸ் போயிற்று.

"நீங்க வந்து தொட்டதும் கிளம்பிடுச்சு. வண்டில ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க. அப்போ நான்தானே சரியா விடல?"

"இல்ல பாப்பா. அப்படி இல்ல."

"வேற எப்படி? சும்மா எனக்காகச் சொல்லாதீங்க மாமா." அவள் அழவில்லை. ஒரு கணக்கைப் போட்டு முடித்தவள் மாதிரிப் பேசினாள். "நீங்க தள்ளச் சொன்னீங்கன்னு அப்பா சொன்னாரு. அதை நான் யார்கிட்டயும் சொல்லல. அம்மாகிட்டகூட. உங்கமேல என்ன தப்பு, எல்லா வண்டியையும் தள்ளித்தானே ஸ்டார்ட் பண்றாங்க. ஒழுங்கா கிளச் விடத் தெரிஞ்சவளா இருந்தா முதல் தள்ளுலயே ஓடியிருக்கும்."

காலையில் அந்த போன் வந்தபோது அவன் கடை வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். "கஸ்டமர் நிக்கிறாங்க மச்சான், இப்ப வர முடியாது" என்றான். கடையில் ஆளே இல்லை. "பாப்பாவை ஸ்டியரிங்ல உட்கார வச்சுத் தள்ளிப் பாருங்க. கிளம்பிடும்." அந்தப் பக்கத்தில் மச்சான், "சரி மாப்ள, நீ வேலையப் பாரு" என்றார். வைக்கும்போது மூச்சு கொஞ்சம் வாங்கியது. இவன் டீ ஆறுவதற்குள் குடித்து முடித்தான்.

சட்டைப் பையில் கைவிட்டு அந்தத் துண்டை எடுத்தான். ஜன்னல் வழியாக நீட்டினான்.

அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். தொங்கிய பச்சை டேப்பை விரல் நுனியால் தூக்கினாள். உள்ளே ரப்பரில், நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. துண்டை வளைத்தாள்; வெடிப்பு வாய் திறந்தது. விட்டாள், மூடிக்கொண்டது.

"இது வழியாத்தான் காத்து போயிருக்கு" என்றான். தன் குரலே அவனுக்கு யாரோ பேசுவதாகக் கேட்டது. "இது இருக்கறவரைக்கும் நீ கிளச்சை எப்படி விட்டிருந்தாலும் கிளம்பியிருக்காது. நானே உள்ள உட்கார்ந்திருந்தாலும் கிளம்பியிருக்காது. எத்தனை பேர் தள்ளியிருந்தாலும்."

"இது…" அவள் டேப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நான் டார்ச் புடிச்சேனே, அன்னிக்குச் சுத்தினதுதானே?"

"ஆமா."

"இதை மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

மதியம் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதானே நின்றார்கள். அவளும்தான்.

அவள் கிளச்சிலிருந்து காலை எடுத்தாள். இறங்கி, கதவை ஓங்கி அடிக்காமல் மெல்லச் சாத்தினாள். துண்டைத் திருப்பித் தருவாள் என்று அவன் கையை நீட்டினான். அவள் தரவில்லை. டேஷ்போர்டின் மேலும் வைக்கவில்லை. கைக்குள் மூடிக்கொண்டு, அவனைத் தாண்டிச் சந்துக்குள் நடந்தாள். பாதி தூரம் போய் நின்றாள். திரும்பாமலே சொன்னாள்.

"அம்மா பின்னாடி இருக்காங்க."

வீட்டு முன்னறையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மீன்கடைக்காரர் இவனைப் பார்த்ததும், "வாப்பா, முதல்ல ஒரு வாய் சாப்பிடு" என்று எழுந்தார். "நீ மட்டும் இல்லேன்னா இன்னிக்கு என்ன ஆயிருக்கும்?" அறையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவன் நிற்காமல், கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டிப் போனான்.

அக்கா பின்கட்டில் குழாயடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் தனியாக விடச் சொல்லியிருப்பாள். மடியில் மச்சானின் கையுறைகள் இருந்தன. ஐஸ் கட்டியைத் தூக்குவதற்காகப் போட்டுக்கொள்ளும் தடித்த ரப்பர் கையுறை. அலசி எடுத்து, உட்புறம் வெளியே வரும்படி புரட்டிக்கொண்டிருந்தாள்.

"உள்ள ஈரத்தோட விட்டா நாறிப்போகும்" என்றாள், அவன் கேட்டது மாதிரி. "தினமும் சொல்வேன். மனுஷன் கேட்டதே இல்ல." சற்றுப் பொறுத்து, "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு சொன்னாருடா. வண்டியும் நீங்களும் ஜோடிதான்னு சிரிச்சேன். நான் சிரிச்சேன்டா" என்றாள்.

"அக்கா."

"சொல்லு."

"காலையில மச்சான் எனக்குப் போன் பண்ணாரு."

அக்காவின் கை நின்றது. ஒரு விரல் பாதி புரண்டு பாதி உள்ளேயே மாட்டியிருந்தது.

"என்னைத்தான் வரச் சொன்னாரு" என்றான். "நான்தான் தள்ளச் சொன்னேன். வண்டிக்கும் பெரிசா ஒண்ணும் இல்லக்கா. நான் பாத்திருக்கணும். எப்பவோ பாத்திருக்கணும்."

அக்கா நிமிர்ந்து பார்ப்பாள் என்று காத்திருந்தான். அவள் பார்க்கவில்லை. மாட்டிக்கொண்டிருந்த விரலை இழுத்தாள். ஈர ரப்பர் ஒட்டிக்கொண்டு வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். பிறகு கையுறையின் வாயை இரண்டு கையாலும் குவித்துப் பிடித்து, உதட்டில் வைத்து ஊதினாள். ஒட்டிக்கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அவள் அப்படியே, காற்று வெளியேறிவிடாமல் அதன் வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.